பாலாற்றங்கரைப் பந்திகள்

வேலூரிலிருந்து ஆம்பூருக்குப் பேருந்தில் செல்வோர் கண்களை மூடிக்கொண்டாலும் ஊர் நெருங்குவதை அறிந்துகொள்ளலாம். பள்ளிகொண்டாவைக் கடந்து மாதனூரை அணுகும்போதே காற்றில் ஒரு நெடி கலந்து வரும். உப்பிட்ட தோலும் சுண்ணாம்பும் பட்டைச் சாறும் சேர்ந்த நெடி அது. இடப்புறமும் வலப்புறமும் மலைத்தொடர்கள். நடுவே, பெயரில் பாலையும் படுகையில் மணலையும் தாங்கிக் கிடக்கும் பாலாறு. இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று இவ்வாற்றை ஒட்டிய ஊர்களில் இலட்சக்கணக்கான மக்களுக்குத் தோலே சோறு போடுகிறது.

நாம் இந்த மறைமாவட்டத்தில் பங்குப்பணி ஆற்றி வருகிறோம். இப்பாதை நமக்குப் புதிதன்று. ஆயினும் சென்ற ஆண்டு சனவரித் திங்களில் நாம் மேற்கொண்ட பயணம் வேறு வகையானது. அதற்குக் காரணமாயிருந்த நிகழ்ச்சியை முதலில் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறோம்.

நமது பங்கைச் சேர்ந்த பெண்மணி ஒருவர், காலணித் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தில் பணிபுரிபவர். அவருடைய கணவர் லுத்தரன் சபையினர். தோல் பதனிடும் ஆலையில் தொழிலாளி. திருச்சபையின் உரிய அனுமதியோடு நம் ஆலயத்திலேயே மணம் முடித்தவர்கள். பெண்மணியின் தாயார் இறந்து முப்பதாம் நாள் திருப்பலி நிறைவேற்றினோம். நன்மை வழங்கும் வேளையில் மனைவி வந்து பெற்றுக்கொண்டார். அவருக்குப் பின்னால் கணவர் வந்து நின்றார். படுக்கையில் கிடந்த மாமியாரை ஈராண்டுக் காலம் தூக்கி எடுத்துப் பேணியவர் அவர் என்பது ஊரறிந்த செய்தி. ஒரு கையின்மேல் மறு கையை வைத்து நீட்டினார். நாம் ஒரு கணம் தயங்கினோம். பின்னர் அக்கைகளில் எதையும் வையாமல், அவர் தலைமீது கை வைத்து ஆசீர் அளித்தோம். அவர் நீட்டிய கைகளை மெல்ல மடக்கிக்கொண்டு திரும்பிச் சென்றார்.

திருப்பலி முடிந்ததும் அப்பெண்மணி சக்ரிஸ்து அறைக்கு வந்தார். கோபமில்லை, அழுகையுமில்லை. "சாமி, அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் கஞ்சி ஊட்டினது அவர் கைதான். அந்தக் கைக்கு நீங்க ஒன்றும் கொடுக்கலையே" என்றார். சற்று நின்று, "அவர் சபையில் எனக்கும் கிடையாது சாமி. அங்கே நான் பெஞ்சியில் உட்கார்ந்திருப்பேன். இங்கே அவர் உட்கார்ந்திருப்பார். வீட்டில் மட்டும்தான் இரண்டு பேரும் ஒன்றாய்ச் சாப்பிடுகிறோம்" என்று கூறிச் சென்றார்.

குருமடத்தில் கற்ற விடை நம் நாவின் நுனியில் இருந்தது. அதைச் சொல்ல மனம் வரவில்லை. சனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்புக்காகச் செபிக்கும் வாரம் நெருங்கிற்று. ஆண்டுதோறும் மறையுரையில் ஒன்றிப்பைப் பற்றிப் பேசுகிறோம். இம்முறை நம் அண்டை வீட்டார் ஆண்டவருடைய பந்தியை எவ்வாறு கொண்டாடுகிறார்கள் என்று நேரில் கண்டு வருவோம் எனப் புறப்பட்டோம்.

கோட்டை நகரில்

வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயிலும் பள்ளிவாசலும் கிறிஸ்தவ ஆலயமும் ஒரே மதிற்சுவருக்குள் இருப்பதை அனைவரும் அறிவர். அங்குள்ள தூய யோவான் ஆலயம் கும்பினிப் படையினருக்காக 1846ஆம் ஆண்டு எழுப்பப்பட்டது. ஆனால் இப்பகுதி மக்களிடையே சீர்திருத்தச் சபையின் நற்செய்திப் பணியைப் பரப்பியவர்கள் அமெரிக்க ஆற்காடு மிஷனரிமாரே. ஸ்கடர் குடும்பத்துச் சகோதரர்கள் 1853ஆம் ஆண்டில் இம்மிஷனைத் தொடங்கினர். அக்குடும்பத்தில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார் 1900ஆம் ஆண்டில் ஒரே படுக்கையோடு தொடங்கிய மருத்துவ இல்லம்தான் இன்று உலகெங்கும் அறியப்பட்ட வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து நிற்கிறது.

ஹாலந்து நாட்டுக் கால்வினிய மரபில் வந்த இந்த மிஷனின் சபைகள் பின்னர்த் தென்னிந்திய ஐக்கிய சபையில் சேர்ந்தன. அச்சபையும் ஆங்கிலிக்கன் சபையும் மெதடிஸ்டு சபையும் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னைத் தூய ஜார்ஜ் பேராலயத்தில் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயின. நாடு விடுதலை பெற்று ஆறு வாரங்களே ஆகியிருந்தன. இதற்கு விதையிட்டது 1919ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் கூடிய சிறிய குழு. பேராயர் அசரியா போன்ற இந்தியர்களே அதில் மிகுந்திருந்தனர். ஐரோப்பாவில் எழுந்த சண்டைகளை இந்திய மண்ணில் ஏன் சுமக்க வேண்டும் என்பதே அவர்களுடைய கேள்வி. அசரியா அந்த இணைப்பைக் காணாமலே 1945ஆம் ஆண்டில் காலமானார்.

ஞாயிறு காலை அச்சபையின் ஆலயம் ஒன்றில் திருவிருந்து ஆராதனைக்குச் சென்றோம். போதகர் அன்போடு வரவேற்று அமரச் செய்தார். ஆராதனையில் இரு செயல்கள் நம்மைச் சிந்திக்க வைத்தன. குருவானவர் மேசைக்குப் பின்னால் மக்களை நோக்கி நின்றார். சமாதான வாழ்த்து மேசையிலிருந்து புறப்பட்டுக் கையிலிருந்து கைக்குக் கடந்து எம் இருக்கை வரை வந்தது. இவ்விரண்டும் 1950ஆம் ஆண்டில் வெளியான அவர்களுடைய வழிபாட்டு முறையிலேயே உண்டு. சமாதானத்தைக் கைமாற்றும் வழக்கத்தைச் சிரியன் மரபிலிருந்து பெற்றார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின்னரே இவை நம் ஆலயங்களில் பொது வழக்காயின. நாம் நம்முடையவை என்று கருதும் சில செல்வங்கள் அண்டை வீட்டில் முன்னரே இருந்தன என்பதை ஒப்புக்கொள்வதில் குறைவொன்றும் இல்லை.

பின் அழைப்பு வந்தது. தத்தம் சபையில் திருவிருந்தில் பங்குபெறும் உரிமையுள்ள எவரும் வரலாம் என்றார் போதகர். வரிசை வரிசையாக மக்கள் எழுந்து சென்றனர். எமக்கு அருகில் இருந்த மூதாட்டி, "வாங்க ஃபாதர், எல்லாருக்கும் உண்டு" என்று மெல்லச் சொன்னார். நாம் கைகூப்பி அமர்ந்திருந்தோம். சிறிது நேரத்தில் அந்த நீண்ட இருக்கையில் நாம் ஒருவரே எஞ்சினோம்.

குருப்பட்டம் பெற்ற நாள் முதல் நாம் வழங்கியே பழகியவர்கள். பிறர் எழுந்து செல்ல, நாம் மட்டும் அமர்ந்திருப்பது வாழ்வில் அதுவே முதல் முறை. பெஞ்சியில் உட்கார்ந்திருப்பது என்று அப்பெண்மணி சொன்னதன் பொருள் அந்தச் சில நிமிடங்களில் விளங்கிற்று. அழைப்பு இருந்தும் நாம் அமர்ந்திருந்தோம். அவருடைய கணவரோ அழைப்பு இன்றி அமர்ந்திருக்கிறார்.

அன்று மாலை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மலையாள அன்பர் சிலரைச் சந்தித்தோம். அவர்களுள் ஆர்த்தடாக்ஸ் சபையினரும் உண்டு. நற்கருணைக் கொண்டாட்டத்தை அவர்கள் குர்பானா என்கிறார்கள். நாம் புளியாத அப்பத்தைப் பயன்படுத்துகிறோம். அவர்களோ புளித்த மாவின் அப்பத்தைப் பயன்படுத்துகிறார்கள். ஆண்டவரின் மெய்யான பிரசன்னத்தில் அவர்களுக்கும் நமக்கும் வேறுபாடு இல்லை. சிரியன் ஆர்த்தடாக்ஸ் பிதாப்பிதா முதலாம் சக்காவும் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரும் 1984 சூன் 23 அன்று வெளியிட்ட கூட்டறிக்கை, தம் சொந்தக் குருவை அணுக இயலாத வேளையில் இரு சபை மக்களும் மற்றவரிடம் நற்கருணை பெற வழி செய்தது. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பிளவுக்குப் பின் கதவு சிறிதேனும் திறந்ததன்றோ!

ஆம்பூரில்

ஆம்பூரின் லுத்தரன் சபையினர் வேறொரு வழியில் வந்தவர்கள். நேத்தர், மோன் என்னும் இரு ஜெர்மானியப் போதகர்கள் லைப்சிக் மிஷனில் பணிபுரிந்தவர்கள். மறைநூலின் தவறாமை பற்றிய கருத்து வேற்றுமையால் அதைவிட்டு விலகினர். அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் சபை அவர்களை ஏற்றுக்கொண்டது. 1895ஆம் ஆண்டில் கிருஷ்ணகிரியில் தொடங்கிய அம்மிஷன் ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் வேரூன்றியது. ஆம்பூரின் பெதஸ்தா மருத்துவமனையும் கன்கார்டியா பள்ளியும் அதன் கொடைகள். இன்று அச்சபை இந்திய சுவிசேஷ லுத்தரன் சபை எனப்படுகிறது. 1947ஆம் ஆண்டின் ஐக்கியத்தில் லுத்தரன் சபைகள் சேரவில்லை.

அச்சபையின் முதிய போதகர் ஒருவருடைய இல்லத்தில் ஒரு மாலைப் பொழுதைக் கழித்தோம். மக்கள் அவரை "ஐயரே" என்றழைக்கிறார்கள். நம்மைச் "சாமி" என்கிறார்கள். அவர் கூறியவற்றின் சாரம் இது: அவர்களுடைய பழைய ஒழுங்கின்படி, திருவிருந்துக்கு வருவோர் முன்னரே போதகரிடம் தெரிவிக்க வேண்டும். பாவ அறிக்கையும் மன்னிப்பும் முன்செல்லும். ஞானோபதேசம் கற்றுத் திடப்படுத்தல் பெற்றவரே அணுகலாம். அதே விசுவாசத்தை அறிக்கையிடாதவருக்கு வழங்குவது, அவரையே ஆக்கினைக்கு உட்படுத்துவதாகும் என்று சின்னப்பர் கொரிந்தியருக்கு விடுத்த எச்சரிக்கையைச் சுட்டினார்.

"அப்படியானால் உம்முடைய சபையில் அப்பம் என்பது என்ன?" என்று கேட்டோம். அவர் தயங்காமல், "மெய்யாகவே ஆண்டவருடைய சரீரம்" என்றார்.

1529ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மார்பர்க்கு நகரில் லுத்தரும் சுவிங்கிலியும் சந்தித்து வாதிட்டனர். அப்பம் கிறிஸ்துவின் உடலைக் குறிக்கிறது என்றார் சுவிங்கிலி. லுத்தரோ, இது என் உடல் என்னும் பொருள்படும் இலத்தீன் சொற்களை மேசைமீது சுண்ணக்கட்டியால் எழுதிவைத்து, அதைவிட்டு அசையவில்லை. பதினைந்து கூறுகளுள் பதினான்கில் ஒத்துப்போனவர்கள் நற்கருணைக் கூறில் முழு உடன்பாடின்றிப் பிரிந்தார்கள். அப்பத்தின் உட்பொருளே மாறுகிறது என்று நம் திருச்சபை 1551ஆம் ஆண்டில் திரிதெந்தின் சங்கத்தில் வரையறுத்ததை லுத்தரன் சபையினர் ஏற்பதில்லை. அப்பம் அப்பமாகவே இருக்க, அதில், அதனோடு, அதன்கீழ் கிறிஸ்துவின் உடல் உண்மையாகவே உள்ளது என்பது அவர்கள் கொள்கை. நமக்கும் அவர்களுக்கும் வேறுபாடு உண்டு. ஆனால் இருவரும் ஒரே சொல்லின்முன் மண்டியிடுகிறோம்.

அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை. ஒரு முரண் நம் மனத்தைக் குடைந்தது. வேலூரில் நம்மை அழைத்தவர்கள், பிரசன்னத்தின் தன்மையை வரையறுக்காமல் பல கருத்தினருக்கும் இடங்கொடுத்து ஒன்றானவர்கள். ஆம்பூரில் மறுப்பவர்களோ, பிரசன்னத்தைப் பற்றிய நம்பிக்கையில் நமக்கு மிக அருகில் இருப்பவர்கள். விலைமதிப்பற்றது என்று கருதுவதாலேயே இருவரும் கதவைக் காக்கிறோம். மறுப்பவர் எல்லாரும் அன்பற்றவர் அல்லர். அழைப்பவர் எல்லாரும் நம்பிக்கையில் தளர்ந்தவரும் அல்லர். இதை அறியாமல் ஒருவரையொருவர் இகழ்வது தகாது.

தோல் பதனிடும் சீமோன் வீட்டில்

மறுநாள் அந்தக் கணவரே எம்மைத் தாம் பணிபுரியும் ஆலைக்கு அழைத்துச் சென்றார். உப்பிட்டு வந்த தோல்களை நீரில் ஊறவைத்து, சுண்ணாம்பில் இட்டு மயிர் நீக்கி, ஒட்டிய சதையைச் சீவி, பின் பதனிடுகிறார்கள். முன்னாளில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் பதனிட்டன. இன்று பெரும்பாலும் குரோமிய உப்பு. அதில் தோய்ந்த தோல் நீலம் பாரித்துக் கிடக்கிறது. இக்கழிவுகள் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்ததையும், 1996ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் உச்ச நீதிமன்றம் மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டுமென்று தீர்ப்பளித்ததையும் இவ்வூரார் மறவார்.

இப்பகுதியின் ஆலை உரிமையாளருள் பலர் இசுலாமியப் பெருமக்கள். தொழிலாளருள் பலர் நூற்றாண்டுகளாகச் சேரிக்கு வெளியே வர விடப்படாத மக்கள். அவர்களில் கிறிஸ்தவர் மிகுதி. உரிமையாளர் தேநீர் அளித்து உபசரித்தார். பக்ரீத் நாளின் குர்பானித் தோல்கள் இங்கே வந்து குவிவதைச் சொன்னார். குர்பானி, குர்பானா, இரண்டும் ஒரே செமித்தியச் சொல்வேரிலிருந்து பிறந்தவை. நெருங்கி வருதல் என்பதே அவ்வேரின் பொருள். இறைவனை நெருங்குவதற்கான காணிக்கையைக் குறித்த சொல்லை நாம் மனிதர் ஒருவரையொருவர் நெருங்க முடியாததற்குக் காரணமாக்கிவிட்டோமே என்று எண்ணினோம்.

திருத்தூதர் பணி நூலில் இராயப்பர் யாப்பா நகரில் யார் வீட்டில் தங்கினார்? கடலோரத்தில் வாழ்ந்த தோல் பதனிடும் சீமோன் வீட்டில். செத்த விலங்கைத் தொடும் அத்தொழிலை யூதர் இழிவாகக் கருதினர். அந்த வீட்டின் மாடியில், நண்பகற் பசியில், தீட்டு என்று எதையும் தள்ளலாகாது என்னும் காட்சியை இராயப்பர் கண்டார். அதன் பின்னரே கொர்னேலியுவின் வீட்டு வாயிலைக் கடந்தார். பிற இனத்தாருக்குத் திருச்சபை கதவு திறந்தது, தோல் நெடி வீசிய ஒரு வீட்டிலிருந்துதான்.

தமிழ்நாட்டில் பந்தியை முதலில் பிரித்தது லுத்தருமல்லர், திரிதெந்துமன்று, சாதி. ஆங்கிலிக்கன் பேராயர் தானியேல் வில்சன் 1833ஆம் ஆண்டில், திருவிருந்து உட்பட ஆலயத்தில் சாதி வேறுபாடு கூடாதென்று எழுதியபோது, தஞ்சையிலும் சென்னையிலும் பலர் பந்தியையே துறந்தார்கள், சாதியைத் துறக்கவில்லை. 1850ஆம் ஆண்டில் சென்னையில் கூடிய மிஷனரிமாருள் பெரும்பாலோர், சாதியை விட்டதற்கு அடையாளமாக எல்லாரோடும் அமர்ந்து உண்ண வேண்டும் என்று வகுத்தனர். நம் வீட்டை மட்டும் மறைக்கலாமா? வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910ஆம் ஆண்டில்தான் இடிக்கப்பட்டது. ஒரே விசுவாசம், ஒரே ஞானஸ்நானம், ஒரே நற்கருணை இருந்தும் சுவர் எழுப்பியவர்கள் நாம். கொரிந்து நகரத்தார்மீது சின்னப்பர் சினந்ததும் கோட்பாட்டுப் பிழைக்காக அன்று. உள்ளவர் முந்தி உண்ண, இல்லாதவர் பசித்திருந்ததற்காகவே.

ஆலையை ஒட்டிய சந்தில் ஓட்டுக் கூரையின்கீழ் ஒரு பெந்தெகொஸ்தே சபை. மாதத்தின் முதல் ஞாயிறன்று அங்கே அப்பம் பிட்கிறார்கள்; கிண்ணத்தில் திராட்சைச் சாறு. ஆண்டவரின் மரணத்தை நினைவுகூர்தல் என்றே அதைக் கொள்கிறார்கள். முழுக்கு ஞானஸ்நானம் பெற்றவருக்கே பங்கு. நினைவு என்றே சொன்னாலும், முந்திய நாள் சண்டையிட்ட இரு பெண்கள் ஒப்புரவாகாமல் அப்பத்தைத் தொடமாட்டோம் என்று வெளித்திண்ணையில் பேசித் தீர்த்ததாக ஒருவர் சொன்னபோது, நம் பங்கில் எத்தனை பேர் அவ்வாறு தயங்குகிறார்கள் என்று நாம் நம்மையே கேட்டுக்கொண்டோம்.

திரும்பி வந்தபின்

ஊர் திரும்பி அத்தம்பதியரை அழைத்துப் பேசினோம். நம் திருச்சபைச் சட்டத்தின் 844ஆம் விதி கூறுவதை விளக்கினோம். மரண ஆபத்திலோ ஆயர் கடுந்தேவை என்று கருதும் பிற நிலையிலோ, தம் சபைப் போதகரை அணுக இயலாதவர், தாமாகவே விரும்பிக் கேட்டு, நற்கருணையைப் பற்றிய நம் விசுவாசத்தை ஏற்று, தகுந்த மனநிலையோடு இருந்தால் வழங்கலாம். முப்பதாம் நாள் பூசை அத்தகைய நிலையன்று. நற்கருணை ஒன்றிப்பை ஊட்டும் உணவு. அதே வேளையில் ஏற்கெனவே உள்ள ஒன்றிப்பின் அடையாளமும் ஆகும். இல்லாததை இருப்பதாகக் காட்டினால் அடையாளம் பொய்யாகிவிடும். இதையெல்லாம் சொன்னோம். "அன்று நாம் செய்தது சட்டப்படி சரியே; ஆனால் முன்கூட்டியே உங்களிடம் பேசாமல், நீட்டிய கையைக் கூட்டத்தின் முன் வெறுமையாகத் திருப்பியது நம் தவறு" என்றும் சொன்னோம். கணவர், "சாமி இதைச் சொன்னதே போதும்" என்றார். போதுமானதன்று என்பது நமக்குத் தெரியும்.

இவ்வேதனை ஆம்பூருக்கு மட்டும் உரியதன்று. 2015 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிசு உரோமையின் லுத்தரன் ஆலயத்திற்குச் சென்றபோது, கத்தோலிக்கரை மணந்த ஒரு பெண்மணி இதே கேள்வியைக் கேட்டார். திருத்தந்தை விதியை மாற்றவில்லை. எளிய விடையும் தரவில்லை. ஆண்டவரோடு பேசி முன்செல்லுமாறு சொன்னார். 2016 அக்டோபர் 31 அன்று சுவீடனின் லுண்டு நகரில் லுத்தரன் உலகக் கூட்டமைப்பின் தலைவரோடு அவர் கையொப்பமிட்ட கூட்டறிக்கை, வாழ்வனைத்தையும் பகிர்ந்துகொண்டு பந்தியைப் பகிர முடியாத தம்பதியரின் வேதனையை வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டது. நோயை நோயென்று ஒப்புக்கொள்வது மருத்துவத்தின் தொடக்கமன்றோ!

பாஸ்கா காலத்தில் அவர்களுடைய மகளுக்குப் புதுநன்மை. எட்டு வயதுக் குழந்தைக்கா என்று தந்தைவழிப் பாட்டிக்கு வியப்பு. அவர்கள் சபையில் திடப்படுத்தலுக்குப் பிறகே திருவிருந்து. முந்திய நாள் மாலை அவ்வீட்டில் கூடிச் செபித்தோம். ஆம்பூர்ப் போதகரும் அழைப்பை ஏற்று வந்தார். யாப்பா நகர் சீமோன் வீட்டுப் பகுதியை அவர் வாசித்தார். அவர் பேதுரு என்று வாசிக்க, நாம் இராயப்பர் என்று விளக்கம் சொன்னோம். குழந்தை இருவரும் ஒருவரா என்று கேட்டாள். ஒருவரே என்றோம் இருவரும். பின்னர் அனைவரும் ஒரே பாயில் அமர்ந்து உண்டோம்.

மறுநாள் மகளுக்குப் பின்னால் தந்தை வந்தார். கைகளை நீட்டாமல் மார்பின்மீது குறுக்காக வைத்திருந்தார். ஆசீர் அளித்தோம். நம் கை நடுங்கிற்று என்பதை மறைக்க விரும்பவில்லை.

அன்பார்ந்த வாசகர்களே, உங்கள் பங்கிலும் நன்மை வாங்க நீங்கள் எழும்போது, வழிவிட்டு முழங்காலை ஒதுக்கிக்கொண்டு ஒருவர் அமர்ந்திருப்பார். அவர் மருமகனாகவோ மருமகளாகவோ விருந்தினராகவோ இருக்கலாம். அவரை ஐயத்தோடு பாராதீர்கள். அவருடைய பசி நம் பிளவுக்குச் சாட்சி. திரும்பி வந்து அவரருகில் மண்டியிடும்போது, நாவில் ஆண்டவர் கரையுமுன், அவருக்காக ஒரு செபம் சொல்லுங்கள்.